நெவாடோ டெல் ரூயிஸ், 1985: வரைபடம் சரியாகத்தான் இருந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இலங்கை மலைநாட்டில் எரிமலை கிடையாது. 2020இல் திகன, விக்டோரியா நீர்த்தேக்கம் பக்கம் நிலம் சில தடவை லேசாக அதிர்ந்தபோது "மலைக்குள்ள நெருப்பு கிருப்பு இருக்குமோ" என்று கேட்டவர்கள் எங்கள் பக்கத்திலும் இருந்தார்கள். இல்லை என்பதுதான் பதில். நம்முடைய மலைகள் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முந்திய உருமாறிய பாறைகள். கன்னியாவிலும் மகா ஓயாவிலும் வரும் வெந்நீர்கூட ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்பி வரும் நிலத்தடி நீர்தான்.

அப்புறம் எதற்கு ஒரு கொலம்பிய எரிமலையைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டும்? 1985 நவம்பர் 13ஆம் திகதி இரவு அந்த மலை 23,000 பேருக்கு மேல் கொன்றது. கிட்டத்தட்ட அத்தனை பேரும் செத்தது நெருப்பில் அல்ல, சேற்றில். மழை பெய்யும் இரவில் மலையிலிருந்து இறங்கி வந்து ஊரை மூடும் சேறு என்றால் என்ன என்று பதுளை, நுவரெலியா, கண்டி, கேகாலைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், அந்தச் சேறு எந்த வழியால் வரும், எந்த ஊரை மூடும் என்று வரைபடம் போட்டு அச்சடித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வரைபடம் சொன்ன இடத்தில்தான் சேறு போனது. ஊர் மட்டும் நகரவில்லை. நமக்கும் அந்த ஊருக்கும் உள்ள சொந்தம் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

மலையும் ஊரும்

கொலம்பியாவுக்குள் ஆண்டிஸ் மலைத்தொடர் மூன்று கிளையாகப் பிரிந்து ஓடுகிறது. நடுக்கிளையில் வரிசையாக எரிமலைகள், அவற்றில் ஒன்று நெவாடோ டெல் ரூயிஸ். உயரம் சுமார் 5,321 மீட்டர், நம் பிதுருதலாகலை 2,524 மீட்டர்தான், அதாவது அதன் பாதியைக்கூட எட்டாது. பூமத்திய ரேகையிலிருந்து ஐந்து பாகை அளவு வடக்கே இருக்கிறது, நாம் இருப்பதைவிட இன்னும் கொஞ்சம் வெயிலுக்குக் கிட்ட. ஆனாலும் உயரம் காரணமாக உச்சியில் நிரந்தரப் பனிக்கட்டி. வெப்ப நாட்டில், எரிமலை வாய்க்குப் பக்கத்தில், சதுர கிலோமீட்டர் கணக்கில் பனிக்கட்டி இருக்கிறது என்பதுதான் இந்தக் கதையின் மூலப்பொருள், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவது.

மேற்குச் சரிவில் சின்சினா பக்கம் கோப்பித் தோட்டங்கள். (நம் முன்னோரையும் முதலில் கோப்பிக்குத்தான் கொண்டுவந்தார்கள், 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகுதான் தேயிலை. அதனால் அந்த மலைச்சரிவுகளின் படங்களைப் பார்க்கும்போது ஏதோ பழக்கமான இடம்போலத் தெரியும்.) கிழக்கே மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில், லகுனில்லா ஆறு பள்ளத்தாக்கை விட்டு வெளியே வரும் வாசலில், அர்மேரோ. பருத்தி விளைந்த ஊர், அதனால் வெள்ளை நகரம் என்று பெயர். நெல்லும் உண்டு. மண் அவ்வளவு வளம், ஏன் வளம் என்று கேட்டால் அங்கேயே விடை கிடைக்கும்: 1595இல் ஒரு தடவை, 1845இல் இன்னொரு தடவை இதே மலை இதே ஆறுகளின் வழியாகச் சேற்றைக் கொட்டியிருக்கிறது. 1595இல் 636 பேர் செத்ததாகப் பதிவு, 1845இல் சுமார் ஆயிரம் பேர். அந்த 1845ஆம் ஆண்டுச் சேறு காய்ந்து இறுகிய தரையின் மேலேயே, அரை நூற்றாண்டு கழித்து, அர்மேரோ எழுந்தது. ஆறு வெளியே வரும் வாசலில் விசிறிபோல் விரிந்த சமநிலம் என்றால் அது ஆறு கொண்டுவந்து போட்டதுதான், போட்டது திரும்பவும் போடும். ஆனால் 140 வருடம் என்பது மனிதக் கணக்கில் ஐந்து தலைமுறை. கொள்ளுப்பாட்டி சொன்ன கதைக்காக யாரும் வீட்டை மாற்றுவதில்லை.

சரியாக ஒரு வருடம் முன்பு

1984 நவம்பரில் மலை அசைய ஆரம்பித்தது. சிறு நடுக்கங்கள், உச்சியில் வழக்கத்துக்கு மீறிய வாயு. கருவிகள் போதிய அளவு இல்லை, அதைப் படிக்கத் தெரிந்த ஆட்களும் குறைவு, வெளிநாட்டு உதவிக்கு எழுதி, அது வந்து சேர்ந்து, பூட்டி முடிக்க மாதங்கள் ஓடின. 1985 செப்டெம்பர் 11இல் நீராவி வெடிப்பு ஒன்று நடந்தது. நிலத்தடி நீரும் சூடும் சந்தித்தால் வரும் வெடிப்பு அது, புதிய எரிகுழம்பு வெளியே வராது. அதற்கே அசுஃப்ராடோ ஆற்றில் சேறு 27 கிலோமீட்டர் இறங்கியது. அந்த அசுஃப்ராடோ கீழே போய்ச் சேர்வது லகுனில்லாவில். லகுனில்லா போவது அர்மேரோவுக்கு. மலை ஒத்திகை பார்த்துக் காட்டியது என்றே சொல்லலாம், அதைவிடத் தெளிவாக ஒரு மலை எப்படிச் சொல்லும்?

அரசாங்க நிலவியல் நிறுவனமான இன்ஹியோமினாஸ் ஒக்டோபர் 7ஆம் திகதி ஆபத்து வரைபடத்தை வெளியிட்டது. பெரிய வெடிப்பு நடந்தால் சேற்றுப் பெருக்கு வருவது நிச்சயம் என்று அது சொன்னது, அர்மேரோ அந்த வழியில் தெளிவாகவே இருந்தது. வரவேற்பு எப்படி? வீண் பீதி கிளப்புகிறார்கள் என்று ஒரு கூட்டம், நில விலை விழும் வியாபாரம் படுக்கும் என்று இன்னொரு கூட்டம், இன்னும் ஆய்வு தேவை என்று அதிகாரிகள். இதற்கு நடுவே நவம்பர் 6ஆம் திகதி தலைநகர் பொகோட்டாவில் எம்-19 கெரில்லாக்கள் நீதி அரண்மனையை, அதாவது உச்ச நீதிமன்றக் கட்டடத்தை, பிடித்தார்கள், இராணுவம் டாங்கிகளோடு உள்ளே போனது, நீதிபதிகள் உட்பட சுமார் நூறு பேர் செத்தார்கள். அந்த வாரம் நாடு முழுக்க அதைத்தான் பேசியது. எங்கோ ஒரு மலை புகைவதை யார் பார்ப்பார்கள்.

அர்மேரோ மேயர் சும்மா இருந்த ஆளல்ல, இதையும் சொல்ல வேண்டும். ஊருக்கு மேலே லகுனில்லா ஆற்றில் எல் சிர்ப்பே என்ற இடத்தில் மண் சரிந்து விழுந்து ஆற்றை மறித்து ஒரு குளமே உண்டாகியிருந்தது, அது உடைந்தால் ஊர் போகும் என்று மாதக்கணக்காக மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நாள்

நவம்பர் 13, பிற்பகல் 3 மணி கடந்து சில நிமிடம். முதல் வெடிப்பு. இதுவும் நீராவி வெடிப்புத்தான். காற்று கிழக்கே வீசியதால் ஐந்து மணிபோல் அர்மேரோவில் சாம்பல் விழத் தொடங்கியது. மக்கள் பயந்தார்கள். வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் வந்த பதில், பயப்படாதீர்கள், வீட்டுக்குள் இருங்கள் என்பது. ஏழு மணிவாக்கில் செஞ்சிலுவைக்காரர்கள் ஊரைக் காலி செய்ய ஏற்பாடு தொடங்கினார்கள், கொஞ்ச நேரத்தில் சாம்பல் நின்றது, ஏற்பாடும் நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம், ஏனென்றால் முழு நிகழ்வின் முடிச்சு இதுதான். சாம்பல் அங்கே ஆபத்தே இல்லை. ஊரில் விழுந்த சாம்பலால் ஒருவரும் சாகப்போவதில்லை, ஆபத்து ஆற்றில் வரப்போகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தது சாம்பல் ஒன்றுதான், அதனால் எல்லோரும் அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். சாம்பல் விழுந்தால் ஆபத்து, நின்றால் ஆபத்து நீங்கியது என்று. மலை உச்சி தெரிந்திருந்தால் வேறு மாதிரி நினைத்திருப்பார்களோ என்னவோ, ஆனால் அன்று சாயந்தரம் புயல் மழை, உச்சி முழுக்க மேகத்துக்குள்.

இரவு 9 மணி 8 நிமிடம் அளவில் உண்மையான வெடிப்பு. மழையிலும் இடியிலும் கீழே இருந்தவர்களுக்கு அது சரியாகக் கேட்கவில்லை, தெரியவும் இல்லை. எரிமலைகளின் அளவுக்கு அது ஒரு சின்ன வெடிப்பு. ஆனால் வெளியே கக்கிய சூடான பாறைத்தூளும் வாயுவும் சேர்ந்த பெருக்கு பனிக்கட்டியின் மேல் உருண்டு ஓடியது, பத்தில் ஒரு பங்கு பனியை உருக்கியும் அரைத்தும் எடுத்தது. பிறகு ஆய்வாளர்கள் போட்ட கணக்கில் உருகி இறங்கிய நீர் சுமார் 2 கோடி கன மீட்டர், கீழே போய்ச் சேர்ந்த சேறு சுமார் 9 கோடி கன மீட்டர். வித்தியாசத்தைக் கவனியுங்கள். மலையிலிருந்து புறப்பட்டது நீர், வழியில் பள்ளத்தாக்கின் தளர்ந்த மண்ணையும் கல்லையும் மரத்தையும் வாரிக்கொண்டு போகப் போக நாலு மடங்காகப் பெருத்தது. நீர் ஆறு போகப்போக அடங்கும், இந்தச் சேற்றாறு போகப்போகக் கொழுக்கும். குழைத்த கொங்கிரீட் மாதிரி அடர்த்தி, மணிக்கு 60 கிலோமீட்டர் வரை வேகம். பாறைகளை மேலே மிதக்கவிட்டே கொண்டுவரும். எரிமலை ஆட்கள் இதை லஹார் என்பார்கள்.

நாலு ஆறுகளின் வழியாக இறங்கியது. மேற்கே சின்சினாவில் சுமார் 1,900 பேர் போனார்கள். கிழக்கே அசுஃப்ராடோவில் வந்ததும் லகுனில்லாவில் வந்ததும் ஒன்றாகக் கூடி அர்மேரோவைப் பார்த்துப் போயின. எரிமலை வாயிலிருந்து ஆற்றுவழியே 74 கிலோமீட்டர். பயண நேரம் இரண்டரை மணி. ஹட்டனிலிருந்து பஸ் ஏறினால் கண்டிக்குப் போய்ச் சேரும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நேரம் இருந்தது, மேடான இடம் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. தகவல் மட்டும் போகவில்லை, போன கொஞ்சமும் கட்டளையாக மாறவில்லை. புயலில் மின்சாரம் அறுந்துபோயிருந்தது. மேயர் அமெச்சூர் வானொலியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோதே, பெரிய ஆபத்து இருக்காது என்று நினைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, சேறு வந்து அவரையும் எடுத்தது.

பதினொன்றரைக்குச் சற்று முன் முதலில் வந்தது குளிர்ந்த ஆற்றுத் தண்ணீர், எல் சிர்ப்பே குளத்திலிருந்து தள்ளப்பட்ட தண்ணீர். சில நிமிடம் கழித்துப் பெரிய சேறு. பிறகு இன்னொரு அலை, இன்னொன்று. ஊரில் இருந்தவர்கள் சுமார் 29,000, செத்தவர்கள் சுமார் 20,000. ஊர் மிச்சமில்லை. மூன்று நாளாக இடிபாட்டில் கழுத்துவரை தண்ணீரில் மாட்டிக்கொண்டு, பம்பு இயந்திரம் வந்து சேராமலே இறந்துபோன 13 வயது ஓமைரா சான்செஸின் முகத்தை ஃபிராங்க் ஃபூர்னியே எடுத்த படத்தில் உலகம் பார்த்தது. படம் எடுத்தவரைத் திட்டியவர்கள் நிறையப் பேர். பம்பு ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள் குறைவு.

எங்கே உடைந்தது

பாரி வொய்ட் என்ற ஆய்வாளர் பிற்பாடு இந்த நிகழ்வை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: தொழில்நுட்பக் குறையோ, அளவுக்கு மீறிய வெடிப்போ, கெட்ட நேரமோ காரணமில்லை, தயக்கமும் தப்பான மதிப்பீடும் அலுவலக நடைமுறையின் கிட்டப்பார்வையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்ததுதான் காரணம் என்று. அவர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் "தயக்கம்" என்றதோடு விட்டால் ஏதோ தனிமனித கோழைத்தனம் மாதிரி ஆகிவிடும். தயங்கியவர்களுக்குக் கணக்கு இருந்தது.

ஒரு அதிகாரி 29,000 பேரை வெளியேற்றச் சொல்லி, எரிமலை வெடிக்காமல் போனால், அந்தச் செலவு, கேலி, வியாபார நட்டம், அடுத்த நாள் பத்திரிகை எல்லாம் அவர் தலையில். வெளியேற்றச் சொல்லாமல் இருந்து எரிமலை வெடித்தால் அந்த விலையைக் கொடுப்பது ஊர்க்காரர்கள். இரண்டு செலவையும் ஒரே ஆள் சுமப்பதில்லை. அதனால் கடைசி நிமிடம் வரை உறுதிக்காகக் காத்திருப்பதுதான் அலுவலகத்துக்குப் பாதுகாப்பான வழியாகத் தெரியும். ஆனால் எரிமலை உறுதி சொல்லும்போது இரண்டரை மணி நேரம்தான் மிச்சம் வைக்கும். நம்முடைய மலை அதுகூட வைப்பதில்லை.

இன்னொன்று, வெளியேறச் சொன்னால் எங்கே? யார் லொறி அனுப்புவது, யார் சோறு போடுவது, விட்டுப்போன வீட்டுக்கு யார் காவல்? அர்மேரோவில் அன்று இரவு போக வேண்டிய தூரம் கொஞ்சம்தான், ஆனால் போக வேண்டிய இடம் இது என்று யாரும் முன்கூட்டி ஊருக்குக் காட்டி வைத்திருக்கவில்லை. வரைபடத்தில் சேறு போகும் வழிக்கு நிறம் அடித்திருந்தார்கள், ஆட்கள் போகும் வழிக்கு நிறம் இல்லை.

கொஸ்லாந்தை, மீரியபெத்த

இப்போது நம் பக்கம் வருவோம். 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவு. பதுளை மாவட்டம், ஹல்துமுல்லை பிரதேசம், கொஸ்லாந்தை மீரியபெத்த தோட்டம். மலை இறங்கி வந்து லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, மூடியது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்தபோது சிலருக்குத் தாயும் இல்லை தகப்பனும் இல்லை. முதல் நாளில் நூற்றுக்கணக்கில் சொன்னார்கள், பிறகு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. லயத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதற்கே ஒழுங்கான பதிவு கைக்கு வர நாள் எடுத்தது என்பதுதான் அதில் என்னை உறுத்துவது.

அங்கே எரிகுழம்பு இல்லை, பனியும் இல்லை. பழைய சரிவுகளில் சேர்ந்து கிடக்கும் தளர்ந்த தடித்த மண், அதற்குள் நாள்கணக்கில் இறங்கிய மழை நீர், பராமரிப்பில்லாத வடிகான்கள், அவ்வளவுதான். ஆனால் எச்சரிக்கை விசயத்தில் அர்மேரோவின் அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் குடியிருக்கத் தகுந்ததல்ல, ஆட்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஒன்பது வருடம் என்பது அர்மேரோவுக்குக் கிடைத்த ஒரு மாதத்தைவிட எவ்வளவு பெரியது!

பிறகு வழக்கமான பேச்சு வந்தது: "சொன்னோம், அவங்க எழும்பிப் போகல." எனக்கு இந்தப் பேச்சில் எரிச்சல் வரும். எங்கே போவது? தோட்டக் காணி அரசாங்கத்தின் பெயரில், 1970களில் தேசியமயமாகி, 1992இலிருந்து கம்பனிகளின் நிர்வாகத்தில். லயக் காம்பரா குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. உறுதி இல்லாத வீட்டை விற்று வேறு இடம் வாங்க முடியாது, அங்கிருந்து எழும்பினால் வேலைத்தலம் தூரம், பிள்ளைகளின் பாடசாலை தூரம், வேறு தோட்டத்தில் காம்பரா கேட்டால் அங்கே இருக்கிறவர்களுக்கே போதாது. கொழும்பில் ஒரு வீட்டுக்காரருக்கு "உங்கள் இடம் ஆபத்து, மாறுங்கள்" என்று சொன்னால் அவர் கையில் மாறுவதற்கு ஏதோ ஒரு கருவி இருக்கும், காணி உறுதி, வங்கிக் கடன், வாடகைக்கு எடுக்கக் காசு. லயத்தில் அதே வாக்கியத்தைச் சொன்னால் அது தகவல் மட்டும்தான், வழியில்லை. மீரியபெத்தயில் தப்பியவர்களே ஒரு பழைய தேயிலை ஸ்டோரில் நெடுங்காலம் கிடந்த பிறகு, 2016இல்தான் புது வீட்டுக்குப் போனார்கள்.

ஆபத்து வரைபடத்தைப் போட்டவர்கள் இரண்டு இடத்திலும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்தார்கள், அதை மறுக்கவே முடியாது. வரைபடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவில் இருக்கும் ஆட்கள்தான் பிரச்சினை. இன்னும் சரியாகச் சொன்னால், அந்த நடுவில் யாரும் இல்லாததுதான்.

பிறகு என்ன மாறியது

அர்மேரோவுக்குப் பிறகு அமெரிக்க நிலவியல் நிறுவனம் 1986இல் ஒரு குழுவை ஏற்படுத்தியது. எந்த நாட்டில் எரிமலை விழித்தாலும், அந்த நாடு கூப்பிட்டால் கருவிகளோடு போய் நிற்கும் குழு. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ மலைக்கு அவர்கள் போனார்கள். அங்கேயும் ஆரம்பத்தில் நம்பிக்கை இல்லை. நம்ப வைத்ததில் ஒரு காணொளிக்கும் பங்கு உண்டு: மொரிஸ் கிராஃப்ட் என்ற பிரெஞ்சு எரிமலை ஆய்வாளர் தொகுத்த அந்தப் படத்தில் அர்மேரோவின் காட்சிகளும் இருந்தன. சேறு என்றால் என்ன என்று அதிகாரிகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் அதைப் போட்டுக் காட்டினார்கள். பினாடுபோ வெடிப்பு ரூயிஸ் வெடிப்பைவிடப் பல மடங்கு பெரியது, ஆனாலும் பல்லாயிரம் பேர் முன்கூட்டி வெளியேறியதால் தப்பினார்கள். கிராஃப்டும் அவர் மனைவி காட்யாவும் அதே ஆண்டு ஜூன் 3ஆம் திகதி ஜப்பானின் உன்சென் மலையில் இறந்துபோனார்கள், பினாடுபோவின் பெரிய வெடிப்புக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு.

எனக்கு அதைவிடப் பிடித்தது நெவாடோ டெல் ஹுயிலா. அதே கொலம்பியா, அதே நடுமலைத்தொடர், தெற்கே. பாயெஸ் ஆற்றோரம் நாசா பழங்குடி மக்கள் இருக்கும் இடம். 1994இல் அங்கே ஒரு நிலநடுக்கம் மலைச்சரிவுகளை உலுக்கி இறக்கிச் சுமார் 1,100 பேரைக் கொன்றிருந்தது, அதனால் சேறு என்றால் என்ன என்று ஊருக்கே தெரியும். 2007 ஏப்ரலில் ஹுயிலா வெடித்துச் சேறு இறங்கியது, பாலங்கள் போயின, ஆட்கள் முன்பே மேட்டுக்கு ஏறியிருந்ததால் உயிர் போகவில்லை. 2008 நவம்பரில் இன்னும் பெரிய சேறு, பத்துப் பேர் அளவில் இறந்தார்கள். 23,000 எங்கே, பத்து எங்கே. இதற்கு மந்திரம் ஒன்றுமில்லை: எங்கே ஏறுவது என்று ஊர் முன்பே முடிவு செய்து, ஒத்திகை பார்த்து வைத்திருந்தது.

ரூயிஸ் இன்னும் அடங்கவில்லை. 2023 மார்ச் 30ஆம் திகதி நடுக்கங்கள் கூடியதால் கொலம்பிய நிலவியல் சேவை எச்சரிக்கையைச் செம்மஞ்சளுக்கு உயர்த்தியது. மலைக்குக் கிட்ட இருந்த சுமார் 2,500 குடும்பங்களை வெளியேறச் சொன்னார்கள், நிறையப் பேர் போகவில்லை. காரணம் கேட்டபோது அவர்கள் சொன்னது மாடும் உருளைக்கிழங்கும். மாட்டை விட்டு எப்படிப் போவது, பயிரை யார் பார்ப்பது. ஜூன் கடைசியில் எச்சரிக்கை மஞ்சளுக்கு இறங்கியது, பெரிய வெடிப்பு நடக்கவில்லை. அடுத்த தடவை சொல்லும்போது இன்னும் குறைவாகத்தான் நம்புவார்கள் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் மாட்டுக்கு இடம் காட்டியிருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நம் நிறங்கள்

இங்கே இப்போது மண்சரிவு எச்சரிக்கைக்கு மூன்று நிறம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் மஞ்சள், விழிப்பாக இரு. 100 என்றால் செம்மஞ்சள், புறப்பட ஆயத்தமாக இரு. 150, அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால் சிவப்பு, எழும்பிப் போ. அதோடு கண்ணால் பார்க்க வேண்டியவை: சுவரில் புது வெடிப்பு, திறந்து மூடிய கதவு இறுகுவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, வந்த ஊற்று திடீரென்று நிற்பது அல்லது கலங்குவது. இவை நல்ல அறிகுறிகள், சாம்பல் மாதிரித் தப்பான அளவுகோல் இல்லை. கடைசியாகச் சொன்ன ஊற்று விசயத்தை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் எந்த நிறுவனமும் சொல்லாமலே அறிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம். நாடு முழுக்க 600க்கு மேல் உயிர்கள், அதில் மண்சரிவுக்குப் பெரும் பங்கு. சிவப்பு அறிவித்தல்கள் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயரில் வந்தன. வந்த நேரத்தில் பல இடங்களில் மின்சாரம் இல்லை, போன் இல்லை, வீதி இல்லை. அர்மேரோவில் அன்று இரவு இல்லாத அதே பொருட்கள். பிரதேசச் செயலகப் பிரிவு என்றால் அதற்குள் எத்தனை தோட்டம், ஒரு தோட்டத்துக்குள் எத்தனை டிவிசன், மேட்டு லயம் எது பணிய லயம் எது, இதெல்லாம் அறிவித்தலில் இருக்காது. அதை அந்தந்த இடத்து ஆட்கள்தான் நிரப்ப வேண்டும்.

எங்கள் டிவிசனில் அதற்காகக் கூடிப் பேசினோம். நான் ரூயிஸ் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன், பினாடுபோவில் காணொளி போட்ட மாதிரி. கொழுந்தெடுக்கிற ஒரு பெரியம்மா கடைசி வரை கேட்டுவிட்டு, "அது சரி தம்பி, சிவப்பு அடிச்சா ஸ்கூலுக்கு ஏறச் சொல்ற. ராவுல ஸ்கூல் சாவி யார்கிட்ட இருக்கும்? எம் மாட்ட எங்க கட்டுறது?" என்று கேட்டார். நான் சொன்ன எல்லாவற்றையும்விட உருப்படியான பேச்சு அதுதான். அதற்குப் பிறகுதான் கூட்டம் உண்மையில் தொடங்கியது. படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களைத் தூக்குவது யார் யார், போன் செத்தால் கோயில் ஒலிபெருக்கி, கரண்டும் இல்லாவிட்டால் தப்பு மேளம், அது யார் வீட்டில் இருக்கிறது, எந்த அடி அடித்தால் புறப்பட வேண்டும். செம்மஞ்சளிலேயே வயதானவர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிவிடுவது என்று முடிவானது, சிவப்பு வரும் வரை காத்திருந்தால் பாதை சேறாகிவிடும். ஒருவேளை மலை இறங்காவிட்டால்? ஒரு நாள் கூலி போகும், பாடசாலை வகுப்பறையில் குளிரில் படுக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அவர்களே சொன்னார்கள். யார் அந்த நட்டத்தைத் தாங்குவது என்று கேட்டபோது "நாங்கதான், வேற யாரு" என்று சிரித்தார்கள். சிரிப்பாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு நாள் கூலியை யாராவது பொறுப்பெடுத்தால் இன்னும் பத்துக் குடும்பம் கூடுதலாக ஏறும்.

சாவி விசயம் முடிந்தது, அதிபரிடம் பேசி இரண்டாவது சாவி ஒன்று மேட்டு லயத்தில் ஒரு வீட்டில் இருக்கிறது. மாட்டுக்கு, மேலே பாவனையில் இல்லாத பழைய கொழுந்து மடுவத்தை (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) திறந்து தரச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், கூரைத் தகரம் இரண்டு போயிருக்கிறது, அதை நாங்களே போட்டுக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் வராவிட்டால் திரும்பவும் எழுதுவோம், இந்தத் தடவை பிரதேசச் செயலகத்துக்கும் ஒரு பிரதி போட்டு.